இரண்டு கொம்பு யாருக்கு?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு, இனி இவர் என்ன பேசிக் கிழிக்கப் போகிறார் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே! அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

'வரலாற்றில் ஒரு மன்னனை நிலைக்கச் செய்வது வாளா? நீதியா?' என்பது தலைப்பு. நான் நீதியின் பக்கம். வாளின் பக்கம் பேசிய சகோதரி, அலெக்சாண்டரைக் குதிரையோடு மேடையில் ஏற்றிவிட்டார். 20 வயதில் அரியணை, 33 வயது நிறைவதற்குள் மரணம், இடையில் கிரேக்கத்திலிருந்து பஞ்சாப் வரைக்கும் வெற்றி என்று அடுக்கினார். கடைசியில் ஒரு வரி சொன்னார். "இவ்வளவு ஏன்? திருக்குர்ஆனே அலெக்சாண்டரைத் துல்கர்னைன் என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. வாளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எதுக்குத் தட்டினேன் தெரியுமா? எனக்கு வேண்டிய சாட்சியை அவங்களே கூட்டிட்டு வந்து கூண்டில் ஏத்திட்டாங்களே என்ற சந்தோஷத்தில் தட்டினேன்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்தத் துல்கர்னைன் என்ற பெயரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், கல்லூரி திறந்த முதல் வாரம். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வருகிறேன். ஒரு பெயரில் நாக்கு தட்டிவிட்டது. ஒரு பையன் எழுந்து, "துல்கர்னைன் சார்" என்றான். "என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டேன். "ரெண்டு கொம்பு உடையவர்னு அர்த்தம் சார்" என்றான். பட்டிமன்றம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "அதுதான் ரெண்டு நாளா வகுப்புப் பக்கம் காணோமா? கொம்பு முளைச்சிடுச்சோ?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்தான். "சார், எங்க தாத்தா வச்ச பேர் சார் அது. குர்ஆன்ல வர்ற பேரு. அவர் யாருன்னு தாத்தாவுக்கும் சொல்லத் தெரியலை. நல்ல ராஜான்னு மட்டும் சொல்வாரு" என்றான். அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன். ஒரு பெயரின் பொருள் தெரியாமல் ஒரு பிள்ளையைச் சபையில் சிறுமைப்படுத்திவிட்டேனே என்று மனசு குத்தியது. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். இன்றைக்கு நான் சொல்லப் போவது அந்த நூலகத்தில் தொடங்கிய தேடல்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வேதங்களில் வருகிற மனிதர்களை அடையாளம் காண்பது எப்படி? சில பெயர்களைக் காது கேட்டாலே போதும். திருக்குர்ஆனில் இப்ராஹீம், பைபிளில் ஆபிரகாம். இங்கே மூஸா, அங்கே மோசே. இங்கே தாவூத், அங்கே தாவீது. இங்கே மர்யம், அங்கே மரியாள். ஒரே ஆள், மொழிக்கு மொழி சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார். இதிலே சண்டையே கிடையாது.

சில பெயர்களில் காது உதவாது, கதைதான் உதவும். திருக்குர்ஆனில் தாலூத் என்று ஓர் அரசர் வருகிறார். அறிவிலும் உடலிலும் மிகுந்தவர் என்று சொல்லப்படுகிறது. அவர் படையில் இருந்த தாவூத், ஜாலூத் என்ற எதிரியைக் கொல்கிறார். பைபிளில் சவுல் என்ற அரசன். எல்லாரையும்விடத் தோளும் தலையும் உயர்ந்து நிற்கிறவன். அவன் காலத்தில் தாவீது, கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்துகிறான். பெயர் ஒட்டவில்லை, நிகழ்ச்சி ஒட்டுகிறது. ஆகவே தாலூத்தே சவுல். இதுவும் சுலபம்.

மூன்றாவது வகை, பட்டப்பெயர். திருக்குர்ஆனில் துன்னூன் என்று ஒருவர் வருகிறார். 'மீனுக்கு உரியவர்' என்று பொருள். யார் அவர்? அதே நூலின் இன்னோர் இடத்தில், மீன் விழுங்கிய யூனுஸ் நபியின் கதை பெயரோடு வருகிறது. பைபிளில் அவரே யோனா. பூட்டும் அங்கேயே இருக்கிறது, சாவியும் அங்கேயே இருக்கிறது.

நாலாவதாக வருகிறார் நம்ம ஆள், துல்கர்னைன். இவருக்கும் பட்டப்பெயர்தான் இருக்கிறது. ஆனால் சாவி இல்லை! சொந்தப் பெயர் எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. நாடு, காலம், தந்தை பெயர் எதுவும் இல்லை. தமிழில் நமக்கு ஒருமை உண்டு, பன்மை உண்டு. அரபியில் நடுவிலே இருமை என்று ஒன்று உண்டு. 'கர்ன்' என்றால் கொம்பு. 'கர்னைன்' என்றால் சரியாக இரண்டே கொம்பு. அதே சொல்லுக்குத் தலைமுறை, காலம் என்றும் பொருள் உண்டு. அதனால் 'இரண்டு காலங்களுக்கு உரியவர்' என்று பொருள் சொன்னவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் என்ன சொல்கிறோம்? திமிர் பிடித்தவனைப் பார்த்து, "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்கிறோம். வல்லவனைப் பற்றிப் பேசும்போது, "எந்தக் கொம்பன் வந்தாலும் முடியாது" என்கிறோம். ஒரே கொம்புதான். திமிருக்கும் அதுதான் அடையாளம், வல்லமைக்கும் அதுதான் அடையாளம். இந்த ராஜாவின் கொம்பு எதற்கு அடையாளம் என்பதுதான் கேள்வி.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குர்ஆனின் 18-ஆம் அத்தியாயம், 'அல்கஹ்ஃபு', அதாவது குகை. அதிலே 83-ஆம் வசனத்திலிருந்து 98 வரைக்கும் இவர் கதை. துல்கர்னைனைப் பற்றி உம்மிடம் கேட்கிறார்கள் என்று தொடங்குகிறது. இறைவன் அவருக்குப் பூமியில் ஆற்றலைக் கொடுத்தான். அவர் மூன்று பயணம் போகிறார். முதலில் மேற்கே. கரிய சேற்று நீரில் சூரியன் மறைவதாக அவர் கண்ணுக்குப் படுகிற ஓர் இடம். அங்கே ஒரு மக்கள் கூட்டம். தண்டிக்கலாம், கருணை காட்டலாம், இரண்டும் உன் கையில் என்று இறைவன் சொல்கிறான். அநியாயம் செய்தவனைத்தான் தண்டிப்பேன், நம்பி நல்லது செய்தவனுக்கு நல்லதே நடக்கும் என்கிறார் இவர். அடுத்து, சூரியன் உதிக்கும் திசை. வெயிலுக்கு ஒதுங்க ஒரு மறைப்பும் இல்லாத மக்கள். மூன்றாவது, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓர் இடம். அங்கே இருப்பவர்கள் பேசுவதே சரியாகப் புரியாத மக்கள். "யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தார் வந்து எங்கள் நாட்டைச் சூறையாடுகிறார்கள், நாங்கள் வரி தருகிறோம், தடுப்பு ஒன்று கட்டிக் கொடுங்கள்" என்று முறையிடுகிறார்கள். இரும்புப் பாளங்களை அடுக்கி, நெருப்பு மூட்டி ஊதி, உருகிய செம்பை மேலே ஊற்றி ஒரு சுவரை எழுப்புகிறார். ஏறவும் முடியாது, துளைக்கவும் முடியாது. அதோடு கதை முடிகிறது.

சரி, இவர் யார்?

சகோதரி சொன்ன அலெக்சாண்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் பக்கத்துச் சான்றுகளை நான் மறைக்கமாட்டேன். எதிராளியின் சான்றை மறைத்துவிட்டு நீதியின் பக்கம் பேசினால் நல்லா இருக்குமா? கி.மு. 331-இல் எகிப்துப் பாலைவனத்திலே சீவா என்ற சோலைக்கு அலெக்சாண்டர் போனார். அங்கே அம்மோன் என்ற தெய்வத்தின் கோயில். அந்தத் தெய்வத்துக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அம்மோனின் மகன் என்று அலெக்சாண்டர் போற்றப்பட்டார். அவர் இறந்த பிறகு, அவருடைய தளபதி லிசிமாக்கஸ் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில், அலெக்சாண்டரின் காதோரம் ஆட்டுக்கொம்பு சுருண்டு நிற்கிறது. இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கொம்புக்குக் காசே சாட்சி!

அது மட்டுமல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், மலைக் கணவாய் ஒன்றை அலெக்சாண்டர் இரும்புக் கதவுகளால் அடைத்தார் என்று எழுதுகிறார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில், சிரியாக் மொழியில் அலெக்சாண்டர் புராணம் ஒன்று இருந்தது. அதிலே கடவுள் தந்த கொம்புகள் வருகின்றன. கோகு, மாகோகு கூட்டத்தாரை அடைக்கும் இரும்புக் கதவும் வருகிறது. மேலைநாட்டு ஆய்வாளர்களில் பலர் இந்த ஒற்றுமையைத்தான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முஸ்லிம் அறிஞர்களிலும் இமாம் ராஸி அலெக்சாண்டர் என்றார். குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலியும் அந்தப் பக்கமே சாய்ந்தார். ஆகவே சகோதரி சொன்னது ஆதாரமில்லாத பேச்சு அல்ல.

ஆனால் ஆள் பொருந்துகிறாரா என்று பாருங்கள். கி.மு. 335-இல் தீப்ஸ் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றார். கி.மு. 332-இல் தீர் நகரத்தை ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்ததும், இரண்டாயிரம் பேரைக் கடற்கரையிலேயே சிலுவையில் அறைந்தார் என்று பழைய ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். கி.மு. 330-இல் பெர்செபொலிஸ் அரண்மனை எரிந்தது. கி.மு. 328-இல், போர்க்களத்திலே தன் உயிரைக் காப்பாற்றிய நண்பன் கிளைட்டஸை, குடிபோதையில் ஈட்டியால் குத்திக் கொன்றார். அநியாயம் செய்தவனை மட்டும் தண்டிப்பேன் என்று சொன்னவரும் இவரும் ஒருவரா? இன்னொன்று, அந்த இரும்புச் சுவர் இருப்பதாகச் சொல்லப்படும் காக்கசஸ் மலைப்பக்கம் அலெக்சாண்டர் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை! (சிரிப்பு) இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள், துல்கர்னைன் வேறு, கிரேக்க அலெக்சாண்டர் வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொன்னார்கள்.

அப்படியானால் வேறு யார்? இங்கேதான் நம் நாட்டு மனிதர் ஒருவர் வருகிறார். மௌலானா அபுல் கலாம் ஆசாத். 1888-இல் மக்காவில் பிறந்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர். 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்று உருதுவில் அவர் ஓர் உரை எழுதினார். வெள்ளைக்காரன் அவரை ராஞ்சியில் காவலில் வைத்திருந்தான். எழுதிய தாள்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. திரும்ப உட்கார்ந்து எழுதினார். 1930-களில் நூல் வெளிவந்தது. அதிலே அவர் சொன்னார்: துல்கர்னைன் கிரேக்க அரசர் அல்லர், பாரசீகப் பேரரசர் சைரஸ். தமிழ் பைபிளில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? கோரேஸ்!

ஆசாத் எங்கே இருந்து நூல் பிடித்தார் என்பதுதான் அழகு. துல்கர்னைனைப் பற்றிக் கேட்டது யார்? மக்காவின் குறைஷிகள், மதீனாவில் இருந்த யூத அறிஞர்களிடம் போய், இந்த நபியைச் சோதிக்க என்ன கேட்கலாம் என்று ஆலோசனை கேட்டார்கள், அவர்கள் சொல்லிக் கொடுத்த கேள்விகளில் இது ஒன்று என்று நபிகள் நாயகத்தின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அப்படியென்றால், விடையை யூதர்களின் வேதத்தில் தேட வேண்டாமா? எடுங்கள் தானியேல் ஆகமத்தை. எட்டாம் அதிகாரம்.

தானியேல் ஒரு காட்சி காண்கிறார். ஆற்றங்கரையிலே ஓர் ஆட்டுக்கடா. அதற்கு இரண்டு கொம்பு. ஒன்று உயரம், மற்றொன்றைவிட அதுதான் பிந்தி முளைத்தது. அது மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் முட்டிக்கொண்டு போகிறது, எதிர்க்க ஆளில்லை. அப்புறம் மேற்கே இருந்து ஒரு வெள்ளாட்டுக்கடா பாய்ந்து வந்து, இந்தக் கொம்பு இரண்டையும் முறிக்கிறது. காபிரியேல் தூதன் பொருள் சொல்கிறான். இரண்டு கொம்புள்ள கடா, மேதிய, பெர்சிய அரசர்கள். பாய்ந்து வந்த வெள்ளாட்டுக்கடா, கிரேக்க அரசன். நடுவர் அவர்களே, கவனிக்க வேண்டும். அந்தக் கிரேக்க வெள்ளாட்டுக்கு எத்தனை கொம்பு தெரியுமா? ஒன்றே ஒன்று! சகோதரி கொண்டுவந்த அலெக்சாண்டருக்குத் தானியேல் கணக்கில் ஒரு கொம்பு குறைகிறது! (பலத்த கைதட்டல்)

மேதியா ஒரு நாடு, பெர்சியா ஒரு நாடு. கி.மு. 550-இல் மேதிய அரசனை வென்று இரண்டையும் ஒன்றாக்கியவர் கோரேஸ். இரண்டு கொம்பு ஒரே தலையில் வந்துவிட்டது. பிறகு மேற்கே லிதியாவை வென்று ஏஜியன் கடற்கரை வரைக்கும் போனார். கரிய நீரில் சூரியன் மறைந்த இடம் அதுதான் என்றார் ஆசாத். லிதிய அரசன் குரோசஸைக் கோரேஸ் உயிரோடு விட்டு, ஆலோசகனாக வைத்துக்கொண்டார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கிழக்கே மத்திய ஆசியா வரைக்கும் போனார். கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தார். பிடித்துவிட்டு என்ன செய்தார்? நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்தை இடித்து, யூதர்களைப் பிடித்துக்கொண்டு வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. உங்கள் ஊருக்குப் போங்கள், உங்கள் ஆலயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார் என்கிறது எஸ்றா ஆகமம். ஏசாயா ஆகமமோ, இஸ்ரவேலரே அல்லாத இந்த அரசரை இறைவன் அபிஷேகம் செய்தவர் என்றே அழைக்கிறது. ஒரு சமூகம் தன் வேதத்திலேயே அயல்நாட்டு ராஜாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது என்றால், அது வாளுக்குப் பயந்தா? நன்றியில்தானே!

சரி, வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்பு எழுதிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அலெக்சாண்டரைக் குறுக்கு விசாரணை செய்த நான், கோரேஸை மட்டும் காபி கொடுத்து அனுப்பிவிட்டால் அது நீதியா? அவரையும் விசாரிப்போம்.

1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் நடத்திய அகழாய்வில் ஒரு களிமண் உருளை கிடைத்தது. பீப்பாய் வடிவம், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோரேஸ் பெயரில் பொறித்த ஆணை. பல ஊர்த் தெய்வங்களை அவரவர் கோயிலுக்கும், மக்களை அவரவர் ஊருக்கும் திருப்பி அனுப்பினேன் என்று அதில் இருக்கிறது. நமக்குச் சாதகம். ஆனால், தன்னைத் தேர்ந்தெடுத்தது பாபிலோனின் தெய்வமான மர்துக் என்றும் அதிலேயே இருக்கிறது. குர்ஆன் சொல்லும் ஏக இறைவனின் அடியாரோடு இது பொருந்துமா? அந்தந்த ஊர் மக்களுக்கு ஏற்ற மொழியில் பேசினார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது நம்முடைய சமாதானம். உருளையில் இல்லை.

பசர்காதேயில், கோரேஸின் தலைநகரில், ஒரு கல்தூணில் நான்கு சிறகு உள்ள உருவம் இருக்கிறது. தலையில் இரண்டு நீண்ட ஆட்டுக்கொம்பு, அதன் மேல் எகிப்திய மகுடம். ஆசாத் இதைத் தம் வாதத்துக்குப் பெரிய துணையாக எடுத்துக்கொண்டார். ஆனால் அது ராஜாவின் உருவமா, வாசலைக் காக்கும் தேவதையின் உருவமா என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. பாபிலோனுக்குள் சண்டையில்லாமல் நுழைந்த கோரேஸ், அதற்குச் சற்று முன்னால் ஓப்பிஸ் என்ற ஊரில் பெரிய கொலைக்களமே நடத்தினார் என்று பாபிலோனிய நாளாகமப் பலகை ஒன்று சொல்கிறது. அவர் கையிலும் ரத்தம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சுவர்! கோரேஸ் இரும்பும் செம்பும் கலந்து சுவர் கட்டினார் என்று ஹெரோடோட்டஸும் சொல்லவில்லை, எஸ்றாவும் சொல்லவில்லை, உருளையும் சொல்லவில்லை. அந்தச் சுவரைப் பலரும் தேடினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கலீபா வாஸிக், சல்லாம் என்ற மொழிபெயர்ப்பாளரை அதைத் தேடிப் பார்க்கவே அனுப்பினார். காஸ்பியன் கடலோரம், இன்றைய ரஷ்யாவின் தாகெஸ்தானில், தெர்பெந்த் என்ற ஊரில் பெரிய மதில் இருக்கிறது. கடலுக்கும் மலைக்கும் நடுவே வழியை அடைத்து, மலைக்குள் சுமார் 40 கிலோமீட்டர் நீண்டு போகிறது. மக்கள் அதைக் காட்டி, இதுதான் அலெக்சாண்டர் கட்டிய சுவர் என்று சொல்லி வந்தார்கள். ஆனால் அந்தக் கல்மதில் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் சாசானியப் பாரசீக மன்னர்கள் எழுப்பியது. அலெக்சாண்டருக்குச் சுமார் 850 ஆண்டு பின்னால், கோரேஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால்! அல்பிரூனி என்ற பெரும் அறிஞரோ, இந்த இருவருமே இல்லை, துல்கர்னைன் ஏமன் நாட்டு ஹிம்யர் அரசர் என்றார்.

ஆகவே நடுவர் அவர்களே, என் மனசாட்சிப்படி சொல்கிறேன். கோரேஸ் பக்கம் சான்று கனமாக இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் இவர்தான் என்று ஆணி அடிக்க என்னிடம் ஆணி இல்லை. சான்று நிற்கிற இடத்தில் ஆராய்ச்சியும் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் அது ஆராய்ச்சி இல்லை, ஆசை.

"என்ன சார், உங்க சாட்சியை நீங்களே கலைச்சிட்டீங்களே, உங்க அணி தோத்துடுச்சே?" என்று எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். இல்லை. இப்போதுதான் ஜெயிக்கிறது.

அலெக்சாண்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதையில் எந்த அலெக்சாண்டர் வருகிறார்? தீப்ஸை இடித்தவர் வந்தாரா? தீர் கடற்கரையில் சிலுவை நட்டவர் வந்தாரா? கிளைட்டஸைக் குத்தியவர் வந்தாரா? வரவில்லை. இறைவனை வணங்குகிற, ஏழை மக்களுக்குச் சுவர் கட்டிக் கொடுக்கிற ஓர் அலெக்சாண்டர்தான் வந்தார். அதாவது, சிரியாக் புராணம் பாடியவர்கள்கூட, அவரை உள்ளே விடும்போது இடுப்பில் இருந்த ரத்த வாளைக் கழற்றி வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள்! கோரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பிஸ் கொலைக்களத்துக்காகவா யூதர்கள் அவரை வேதத்தில் ஏற்றினார்கள்? அடிமைகளை வீட்டுக்கு அனுப்பியதற்காக. யாராக இருந்தாலும், நிலைத்தது எது? வாள் ஒருவனை வரலாற்றின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பது நீதிதான்.

அந்தக் கதையையே திரும்ப ஒருமுறை பாருங்கள். வரி தருகிறோம், சுவர் கட்டு என்கிறார்கள் மக்கள். அவர் என்ன சொல்கிறார்? என் இறைவன் எனக்குக் கொடுத்ததே மேல், உங்கள் பணம் வேண்டாம், உழைப்பைக் கொடுங்கள், போதும் என்கிறார். டெண்டர் கிடையாது, கமிஷன் கிடையாது! (சிரிப்பு) அவர்கள் பேசுவதே சரியாகப் புரியாது. ஆனாலும் அவர்கள் அழுகை புரிந்தது. சுவரை முடித்ததும் இன்னொன்று சொன்னார் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நம் ஊர் மன்னர்கள் ஓர் அறக்கட்டளை வைத்தால்கூடக் கல்வெட்டில் 'சந்திராதித்தவரை' என்று வெட்டுவார்கள். நிலவும் சூரியனும் உள்ள வரைக்கும் நிலைக்க வேண்டும் என்ற ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் இந்த மனிதர், இரும்பும் செம்பும் உருக்கிக் கட்டிய சுவரைப் பார்த்து, இது என் இறைவனின் கருணை, அவன் குறித்த நாள் வரும்போது இதுவும் தூளாகிவிடும் என்கிறார். தான் கட்டியது ஒருநாள் விழும் என்று திறப்பு விழாவிலேயே சொன்ன ராஜாவை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இன்னும் ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், தெரிகிறது. கி.மு. 324. இந்தியாவிலிருந்து திரும்புகிற வழியில் அலெக்சாண்டர் பசர்காதேக்கு வருகிறார். அங்கே கோரேஸின் கல்லறை. கொள்ளையர்கள் உடைத்துப் பொருளையெல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். பாரசீகப் பேரரசையே வீழ்த்தியவர் அலெக்சாண்டர். தானியேல் சொன்ன இரண்டு கொம்பையும் முறித்த கடா அவர்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? வருத்தப்பட்டு, அரிஸ்டோபுலஸ் என்பவரிடம் அந்தக் கல்லறையைப் பழையபடி சீராக்கச் சொல்லி உத்தரவு போட்டார் என்று அரியன் எழுதுகிறார். சகோதரி, உங்கள் வாள்வீரரே எங்கள் அணித் தலைவருக்குக் கல்லறை கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வேறென்ன சொல்ல? (கைதட்டல்)

அந்தப் பையனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சில வாரம் கழித்து, அதே வகுப்பில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "துல்கர்னைன், அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். சபையில் செய்த தப்புக்குச் சபையில்தானே பரிகாரம்? பிறகு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். காசில் இருந்த கொம்பு, தானியேல் கண்ட ஆட்டுக்கடா, ஆசாத் சொன்னது, களிமண் உருளை எல்லாம் சொன்னேன். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது. கடைசியில் அவன் எழுந்து கேட்டான்: "அப்போ அவர் யாரு சார்? கோரேஸா, அலெக்சாண்டரா?"

"கோரேஸா இருக்கலாம்னு நினைக்கிறேன்பா. உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ எங்க தாத்தா சொன்னது மட்டும்தான் சார் உறுதி" என்றான்.

"என்னப்பா சொன்னார்?"

"நல்ல ராஜா, சார்."

நடுவர் அவர்களே! எத்தனையோ புத்தகத்தைப் புரட்டி நான் வந்து சேர்ந்த இடத்தில், அந்தத் தாத்தா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பெயர் போய்விட்டது, நாடு போய்விட்டது, சுவர் எங்கே என்று தெரியவில்லை. 'நல்ல ராஜா' என்ற இரண்டு சொல் மட்டும் பேரன் வரைக்கும் வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது வாளா, நீதியா என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.